பின்னால் நின்று பிழைப்பது

பாடசாலை மண்டபத்தில் மேசைப்பந்து ஆடியவர்களுக்கு ஒரு வகை ஆட்டக்காரரைத் தெரிந்திருக்கும். அவர் அடிக்க மாட்டார். வருவதையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பார். எதிரே நிற்பவர் பொறுமை இழந்து வலையில் அடிப்பார், இல்லாவிட்டால் மேசையைத் தாண்டி அடிப்பார். "அவனோட விளையாடவே ஏலாது" என்று வகுப்பு முழுக்கப் பெயர் வாங்கியிருப்பார். அதே ஆட்டத்தை உலக மட்டத்தில், சம்பளத்துக்கு, இருபது வருடம் ஆட முடியுமா? முடியும், ஆடியிருக்கிறார்கள். எப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

தென்கொரியாவின் ஜூ சே-ஹ்யுக்கிடமிருந்து தொடங்கலாம். 1980இல் பிறந்தவர். 2003 மே மாதம் பரிஸில் நடந்த உலகச் சம்பியன் போட்டியில் காலிறுதியில் சீனாவின் மா லினைத் தோற்கடித்தார். அரையிறுதியில் கிரேக்கத்தின் க்ரெயாங்காவைத் தோற்கடித்தார். இறுதியாட்டத்தில் ஒஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் 4–2 என்று தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். அந்த இறுதியாட்டத்தின் காணொளி கிடைத்தால் பாருங்கள். ஷ்லாகர் மேசையை ஒட்டி நின்று அடிக்கிறார். ஜூ பின்னால், இன்னும் பின்னால், விளம்பரத் தட்டிகளை இடிக்கிற அளவுக்குப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புகிறார். பிறகு திடீரென்று முன்னால் பாய்ந்து முன்கையால் ஓர் அடி. மண்டபம் எழுந்து நிற்கிறது. "தற்காப்பு ஆட்டம் பார்க்கச் சலிப்பு" என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆட்டத்தைத்தான்.

அவர் செய்தது என்ன? தாக்கி ஆடுகிறவர் பந்தின் மேற்புறத்தைத் தடவி அடிப்பார். பந்து மேற்சுழலோடு வந்து, மேசையில் பட்டதும் முன்னோக்கிப் பாயும். தற்காப்பு ஆட்டக்காரர் மூன்று நான்கு மீற்றர் பின்னால் போய், அந்தப் பந்து வேகம் குறைந்து இறங்கும்வரை காத்திருப்பார். இடுப்பளவுக்கு வந்ததும் மட்டையை மேலிருந்து கீழாக இறக்கிப் பந்தின் அடியை வெட்டி விடுவார். வெட்டிய பந்து தாழ்வாக, பின்சுழலோடு திரும்பும். எதிராளி மட்டையை வழக்கம்போல் வைத்தால் பந்து வலையில் போய் விழும். தூக்கி எடுக்கத் தெரிய வேண்டும். அதையும் பத்து முறை, இருபது முறை, கை சலிக்கச் சலிக்கச் செய்ய வேண்டும்.

இதற்கு மட்டையின் ஒரு பக்கத்தில் வேறு இறப்பர் ஒட்டியிருப்பார்கள். சாதாரண இறப்பரின் முகம் வழுவழுப்பாக இருக்கும். பந்தைப் பற்றிக்கொண்டு, நாம் கொடுக்கும் சுழலை அதில் ஏற்றும். தற்காப்புக்காரர் பின்கைப் பக்கம் ஒட்டுவது நீளமான பிம்பிள்கள் (சிறு இறப்பர்க் காம்புகள்) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறப்பர். பந்து பட்டதும் அந்தப் பிம்பிள்கள் வளைந்து கொடுத்துவிடும், பந்தைப் பற்றாது. அதனால் பந்து ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த அதே பக்கமாகவே தொடர்ந்து சுழலும். மாறியது பயணத் திசை மட்டும். வரும்போது மேற்சுழலாக இருந்தது, திரும்பிப் போகும்போது பின்சுழலாகிவிடுகிறது. எதிராளி எவ்வளவு பலமாகச் சுழற்றி அடித்தாரோ அவ்வளவு கனமான பின்சுழல் அவருக்கே திரும்பப் போகும். அவர் சுழலே இல்லாமல் தட்டிவிட்டால், திரும்புவதும் சுழல் இல்லாத பந்து. அதைப் பின்சுழல் என்று நினைத்துத் தூக்கினால் மேசைக்கு வெளியே போய் விழும்.

இந்த ஏமாற்றுத்தான் தற்காப்பு ஆட்டத்தின் உயிர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடி வளர்ந்த கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை: கை ஒரே மாதிரித்தான் சுற்றும், பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் கேள்வி. நல்ல தற்காப்புக்காரர் ஒரே வெட்டில் ஒரு முறை கனமான சுழல் வைப்பார், மறுமுறை சுழலே வைக்க மாட்டார். போதாதென்று, பந்து வந்துகொண்டிருக்கும்போதே கைக்குள் மட்டையைச் சுழற்றிப் பக்கம் மாற்றிவிடுவார். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தது. எந்தப் பக்கத்தால் ஆடினார் என்று உலகச் சம்பியனுக்கே தெரியாது. அதனால்தான் 1986 முதல் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்று விதி வந்தது. 2021இலிருந்து சிவப்புக்குப் பதில் வேறு சில நிறங்களும் அனுமதிக்கப்பட்டாலும், ஒரு பக்கம் கறுப்பாக இருந்தே ஆக வேண்டும்.

விதிகள் இந்த ஆட்டத்தைத் துரத்திக்கொண்டே வந்திருக்கின்றன. 1936இல் பிராக் நகரில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் மோதினார்கள். முதல் புள்ளிக்கே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. நடுவரின் கழுத்து பிடித்துக்கொண்டு வேறு நடுவரை அழைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அடுத்த வருடம் பெண்கள் இறுதியாட்டம் நேரம் கடந்து இழுபட்டதால் இருவருக்குமே பட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ரூத் ஏரன்ஸ், ட்ரூட் ப்ரிட்ஸி இருவரையும் கூட்டுச் சம்பியன்கள் என்று ஏற்றுக்கொண்டது 2001இல்தான்.

இன்றைய விதி இது: ஒரு ஆட்டம் 10 நிமிடம் தாண்டியும் இருவரும் சேர்ந்து 18 புள்ளி எடுக்கவில்லை என்றால் விரைவாக்க முறை தொடங்கும். அதன் பிறகு சேர்வ் ஆளுக்கொன்றாக மாறி மாறி வரும். சேர்வை எடுப்பவர் 13 முறை ஒழுங்காகத் திருப்பி அனுப்பிவிட்டால் புள்ளி அவருக்கு. நடுவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவார். ஆக, சேர்வ் செய்பவருக்கு அடித்து முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெறுமனே திருப்பிப் போடத் தெரிந்தவருக்கு இங்கே பிழைப்பில்லை. ஜூ சே-ஹ்யுக்கை அவருடைய முன்னோர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது அந்த முன்கை அடிதான். பின்கையால் வெட்டி வெட்டி எதிராளியைச் சோர வைப்பார். கொஞ்சம் உயர்ந்து வந்த பந்தை முன்கையால் முழுச் சுழலோடு திருப்பி அடிப்பார்.

இந்த வேலைக்கு மிகப் பழைய முன்னோடி ரிச்சர்ட் பேர்க்மான். வியன்னாவில் பிறந்தவர். 1937இல் 17 வயதில் உலகச் சம்பியன் ஆனார். மறு வருடம் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவை விழுங்கியதும் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். 1939, 1948, 1950 என்று இன்னும் மூன்று ஒற்றையர் பட்டங்கள் எடுத்தார். மேசைப்பந்தையே தொழிலாக்கிக்கொண்டவர்களில் முதல்வர் என்று அவரைச் சொல்வார்கள். அமெரிக்காவின் ஹார்லம் குளோப்டிரொட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடிச் சம்பாதித்தார்.

அவருடைய காலம் முடிந்த இடம் நமக்குப் பக்கத்தில்தான். 1952இல் உலகச் சம்பியன் போட்டி ஆசியாவுக்கு முதன்முறையாக வந்தது. பம்பாயில் நடந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ மட்டையில் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிக்கொண்டு வந்தார். அதுவரை மட்டையில் பந்து படும் 'டொக்' சத்தத்தை வைத்தே அடியின் பலத்தைக் கணித்துப் பழகியவர்களுக்குச் சத்தமே கேட்கவில்லை. ஐரோப்பாவின் பெரிய தற்காப்புக்காரர்கள் திகைத்துப் போனார்கள். சாத்தோ பட்டம் வென்றார். அதே பம்பாயில் பெண்கள் பட்டத்தை வென்ற ருமேனியாவின் ஏஞ்சலிக்கா ரோஸியானு தற்காப்பு ஆட்டத்துக்குப் பேர் போனவர். 1950 முதல் 1955 வரை தொடர்ந்து ஆறு முறை அவர்தான் சம்பியன். ஆனால் காற்று மாறிவிட்டது. ஸ்பொஞ்ச் வந்தது, சுழற்றி அடிப்பது வந்தது. 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு ஆண்கள் ஒற்றையர் உலகப் பட்டத்தை ஒரு தற்காப்புக்காரர்கூட வெல்லவில்லை. பெண்களில் கடைசியாக வென்றவர் சீனாவின் தொங் லிங், 1981இல்.

2000இல் பந்து 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆனது. பெரிய பந்து மெதுவாக வந்ததால் ஓடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. சுழல் குறைந்ததால் வெட்டின் கூர்மையும் போனது. 2014இல் செலுலொய்ட் போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்து சுழலை இன்னும் குறைத்தது. தற்காப்புக்காரர்களுக்கு அது நல்ல செய்தியாக இருக்கவில்லை.

உச்சப் பட்டம் கிட்டாது என்று தெரிந்தும் ஏன் இதைத் தொழிலாக எடுக்கிறார்கள்? அபூர்வமாக இருப்பதே இவர்களுடைய முதல். உலகத்தின் முதல் நூறு பேரில் தாக்கி ஆடுகிறவர்கள் தொண்ணூறுக்கு மேல். அவர்கள் வருடம் முழுக்கத் தங்களைப் போன்றவர்களோடுதான் பயிற்சி எடுக்கிறார்கள். தற்காப்புக்காரருக்கோ, தினமும் தாக்குபவரைச் சந்திப்பதே வேலை. ஒரு பெரிய போட்டியில் இருவரும் மோதும்போது ஒருவருக்கு அது பழகிய ஆட்டம், மற்றவருக்கு அந்நியம். இந்த ஏற்றத்தாழ்வுக்குத்தான் கழகங்கள் காசு கொடுக்கின்றன. சீனா போன்ற நாடுகளில் இன்னொரு வழியும் உண்டு: தேசிய அணியின் நட்சத்திரங்களுக்குப் பயிற்சித் துணையாகத் தற்காப்புக்காரர்களை வைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுத் தற்காப்புக்காரரைச் சந்திக்கும் முன் வீட்டிலேயே ஒருவரோடு ஆடிப் பார்ப்பதற்கு. பதக்கமேடைக்கு வராத வேலை அது. ஆனாலும் வேலை வேலைதான்.

தொழில் என்ற பக்கத்தை நன்றாகக் காட்டியவர் ஜப்பானின் கோஜி மட்சுஷித்தா. வெட்டி ஆடுகிறவர். 1993இல் ஜப்பானின் முதல் தொழில்முறை மேசைப்பந்து வீரர் ஆனார். அதுவரை அங்கே வீரர்கள் நிறுவனங்களில் ஊழியர்களாக இருந்துகொண்டு ஆடியவர்கள். அவர் ஜேர்மனியின் புண்டெஸ்லீகாவுக்குப் போய்க் கழகச் சம்பளத்தில் ஆடினார். நான்கு ஒலிம்பிக் கண்டார். 1997இல் மான்செஸ்டர் உலகச் சம்பியன் போட்டியில் இரட்டையர் வெண்கலம் எடுத்தார். ஓய்வுக்குப் பிறகு உபகரண நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரானார். 2018இல் தொடங்கிய ஜப்பானின் தொழில்முறை லீக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரும் அவர்தான். ஆடும்போது மேசையிலிருந்து பின்னால் போனவர், தொழிலில் முன்னால் போனார்.

ஜூவின் பாதையும் நீளமானது. 2006இலும் 2008இலும் உலக அணிப் போட்டியில் வெள்ளி. தரவரிசையில் 5ஆம் இடம்வரை ஏறினார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால் பெசெட் என்ற அழற்சி நோய் பிடித்தது. பத்து அடி பின்னால் ஓடி மறுபடி முன்னால் பாய்வதே ஆட்டம் என்றிருப்பவருக்கு உடம்பு ஒத்துழைக்க மறுத்தால் என்ன ஆகும்? அப்படியும் லண்டனில் அணி வெள்ளி எடுத்தார். 2016இல், 36 வயதில், ரியோவில் ஆடினார். தென்கொரியா நான்காம் இடம். பிறகு தென்கொரிய ஆண்கள் அணியின் பயிற்றுநரானார். 2024 பெப்ரவரியில் புசான் உலக அணிப் போட்டியின் அரையிறுதியில் அவருடைய வீரர்கள் சீனாவை 3–2 வரை இழுத்துப் பயமுறுத்தினார்கள்.

வயது இந்த ஆட்டத்தை அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. சீனாவின் ஹோ யிங்சாவ் 2019இல், 39 வயதில், சீனாவின் தேசியச் சம்பியன் ஆனார். அவரும் வெட்டி ஆடுகிறவர்தான். தென்கொரியாவின் கிம் கியுங்-ஆ 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் எடுத்தவர், லண்டனிலும் ஆடினார். வடகொரியாவின் கிம் சொங்-இ 2016இல் ரியோவில் ஒற்றையர் வெண்கலம் எடுத்தார். பெண்கள் ஆட்டத்தில் அடியின் வேகம் சற்றுக் குறைவு என்பதால் வெட்டுக்கு அங்கே இடம் கொஞ்சம் கூடுதல்.

புசானில் இன்னொன்றும் நடந்தது. உலகின் முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை இந்தியாவின் ஐஹிகா முகர்ஜி தோற்கடித்தார். ஐஹிகாவின் தரவரிசை அப்போது 155. மேற்கு வங்கத்தின் நைஹாட்டிப் பெண். அவர் பின்னால் போய் வெட்டுகிறவரல்லர். மேசையை ஒட்டி நின்று, சுழலைக் கொன்றுவிடும் 'ஆன்டி' இறப்பரால் தடுத்து அனுப்புகிறவர். மனிக்கா பத்ராவும் அதே குடும்பம்: பின்கையில் நீளப் பிம்பிள், தேவைப்படும்போது மட்டையைச் சுழற்றி மாற்றுவது. 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் அவர் சிங்கப்பூரின் ஃபெங் தியன்வெய்யைச் சாய்த்துத் தங்கம் எடுத்த கதை தெரிந்திருக்கும். வெட்டுக்காரருக்கும் இவர்களுக்கும் இறப்பரின் தத்துவம் ஒன்று; நிற்கும் இடம் வேறு.

நிற்கும் இடம் என்றதும் எங்கள் கண்டி மாவட்டத்துப் பன்விலக்கு வந்துவிடலாம். வத்தேகமையிலிருந்து ஏறி, பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கை என்று போகும் இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் மேசைப்பந்து மேசை ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். அந்த மேசையின் நீளம் 2.74 மீற்றர். 20 அடி நீளமுள்ள வகுப்பறையில் அதைப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது ஐந்தரை அடி. சர்வதேசப் போட்டிக்கு ஆடுகளம் 14 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம் வேண்டும் என்கிறார்கள். ஐந்தரை அடியில் வெட்டு ஆட்டக்காரரை உருவாக்க முடியாது. மட்டையை இறக்குவதற்குள் முழங்கை சுவரில் இடிக்கும். எங்கள் பிள்ளைகள் மேசையை ஒட்டி நின்று தட்டித் தட்டி ஆடுவதற்கு அவர்களுடைய சுபாவத்தைக் காரணம் சொல்கிறவர்கள் முதலில் அறையை அளந்து பார்க்க வேண்டும்.

நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் மூடுபனியும் ஆட்டத்தில் கலந்துகொள்ளும். ஈரக்காற்றில் வழுவழுப்பான இறப்பரில் மெல்லிய ஈரம் படியும். பந்து பற்றாமல் வழுக்கும். சுழற்றி அடிக்கிற பிள்ளை இரண்டு புள்ளிக்கு ஒருதரம் மட்டையை சேர்ட்டில் துடைப்பதை மழைக்காலத்தில் பார்க்கலாம். பிம்பிள் இறப்பருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அது முன்பே பந்தைப் பற்றுவதில்லை. ஆகவே சிறிய அறை, ஈரக்காற்று என்ற நிலைமையில் ஐஹிகாவின் வழிதான் நமக்குக் கைக்கெட்டியது என்பது என் எண்ணம். மண்டபம் கிடைக்கிற பாடசாலை என்றால் வெட்டு ஆட்டத்தையும் முயன்று பார்க்கலாம்.

ஆசிரியர்கள் பலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் மெதுவாக அசைகிற பிள்ளையைப் பார்த்து "நீ தடுத்து விளையாடு" என்று விடுவது. இது தலைகீழான தெரிவு. ஒரு புள்ளிக்குள் அதிகம் ஓடுகிறவர் தற்காப்புக்காரர்தான். முன்னும் பின்னும் ஓட வேண்டும், குனிய வேண்டும், அடுத்த கணம் நிமிர்ந்து அடிக்க வேண்டும். வேகமான கால், நீண்ட மூச்சு, தோற்றுக்கொண்டிருக்கும்போதும் முகம் மாறாத குணம் – இவை உள்ள பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அதையும் முதல் நாளிலேயே பிம்பிளோடு தொடங்கி வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் சாதாரண இறப்பரோடு ஒன்றிரண்டு வருடம் ஆடி, சுழலைக் கண்ணால் படிக்கப் பழகட்டும். சுழலைப் படிக்கத் தெரியாதவர் கையில் நீளப் பிம்பிள் கொடுத்தால் உள்ளூரில் ஜெயிப்பார். மாகாணப் போட்டியில் மாட்டிக்கொள்வார்.

வருமானம் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். இலங்கையில் மேசைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். முப்படை அணிகளிலோ நிறுவன அணிகளிலோ வேலையோடு சேர்த்து ஆடுவதுதான் பெரும்பாலும் வழி. மட்சுஷித்தாவுக்கு முந்திய ஜப்பானிலும் அதுதான் நிலை.

பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையாவது பிம்பிளோடு ஆடினால், அந்தப் பாடசாலையின் மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சுழலுக்குப் பழகிவிடுவார்கள். வலயப் போட்டியில் வெளியூர்ப் பிம்பிள்காரரைக் கண்டு திகைக்க மாட்டார்கள். அடுத்த முறை இறப்பர் வாங்கும்போது ஒரு நீளப் பிம்பிளும் சேர்த்து வாங்குங்கள். அதில் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மறுபக்கத்தின் நிறத்தையும் பாருங்கள்: இரண்டு பக்கமும் சிவப்பாக ஒட்டிக்கொண்டு போனால் நடுவர் அந்த மட்டையோடு ஆட விடமாட்டார்.